காய்ந்த ஆறு திரும்பி வந்தது எப்படி?

(பண்ணை ஒலிபரப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு ஆறு வற்றிப் போச்சுன்னா நாம முதல்ல எங்கே பார்க்கிறோம்? ஆற்றைத்தான் பார்க்கிறோம். மணலை அள்ளினது யார், கருவேல முள் மண்டினது ஏன், மேலே அணையைத் திறக்காதது ஏன் என்றெல்லாம் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தான், தப்பில்லை. ஆனால் நம் நாட்டிலேயே ஒரு ஆறு, பல பத்து வருஷமாக வெறும் மணலாகக் கிடந்துவிட்டு, 1990-களில் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அதற்கான வேலையில் பெரும்பகுதி ஆற்றங்கரையில் நடக்கவில்லை. மேட்டிலே, குன்றுச் சரிவிலே, மேய்ச்சல் காட்டிலே நடந்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

அந்த ஆற்றின் பெயர் அர்வரி. ராஜஸ்தான் மாநிலத்தில் அல்வர் ஜில்லாவில் இருக்கிறது. டில்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் நடுவே ஆரவல்லி மலைத்தொடர் ஓடுகிறதே, அதன் குன்றுகளுக்கு நடுவில் பிறக்கிற சிற்றாறு. அந்தச் சீமையில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. நம்ம தமிழ்நாட்டின் சராசரி 900-க்கு மேல். அவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை என்று இரண்டாவது கை கிடையாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டுகிறதோடு சரி. பாக்கி மாதமெல்லாம் வானம் கண்ணாடி மாதிரி.

600 மில்லிமீட்டர் என்றால் குறைச்சல்தானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அப்போது 600 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு ஏக்கரில் விழுவது 24 லட்சம் லிட்டர்! வானம் கஞ்சத்தனம் பண்ணவில்லை. விழுந்தது நிற்கவில்லை, அதுதான் சங்கதி. மொட்டைக் குன்றில் விழுந்த மழை ஒரு மணி நேரத்தில் ஓடையில் இறங்கி, மேல் மண்ணையும் வழித்துக்கொண்டு போய்விட்டது.

முன்பெல்லாம் அப்படி இல்லை. அங்கே ஊருக்கு ஊர் 'ஜோஹட்' என்று ஒன்று உண்டு. நம்ம ஊர்த் தாங்கல், குட்டை மாதிரிதான். சரிவின் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை. மூன்று பக்கம் மேடு, ஒரு பக்கம் கரை. மதகு கிடையாது, வாய்க்கால் கிடையாது. தண்ணீர் வந்து நிற்கும், மாடு குடிக்கும், மெல்ல மண்ணுக்குள் இறங்கும். தண்ணீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையோ கடலையோ விதைப்பார்கள். பிறகு என்ன ஆச்சு? மலைக்காட்டை வெட்டினார்கள். மரம் போனதும் மண் சரிந்து வந்தது. மண் வந்து ஜோஹட் தூர்ந்தது. அதைத் தூர் வாருகிற ஊர் ஒற்றுமையும் கலைந்து போச்சு. கிணறுகள் வற்றின. 1980-களின் நடுவில் வறட்சியும் சேர்ந்துகொள்ள, ஆம்பிளைகள் டில்லிக்கும் அகமதாபாத்துக்கும் கூலிக்குக் கிளம்பிவிட்டார்கள். கிழவர்களும் பெண்டு பிள்ளைகளும் குடத்தோடு மைல் கணக்கில் நடந்தார்கள்.

இந்த நிலைமையில் 1985-ஆம் ஆண்டு தருண் பாரத் சங்கம் என்ற தொண்டு அமைப்பைச் சேர்ந்த ராஜேந்திர சிங் என்பவரும் இன்னும் நான்கு இளைஞர்களும் அந்தப் பக்கம் போய் இறங்கினார்கள். ராஜேந்திர சிங் ஆயுர்வேதம் படித்தவர். வைத்தியம் பார்க்கலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம் என்பதுதான் அவர் எண்ணம். கோபால்புரா என்ற ஊரில் ஒரு பெரியவர், உன் மருந்தும் பாடமும் இருக்கட்டும், முதலில் தண்ணீருக்கு வழி பண்ணு, தூர்ந்து கிடக்கிற ஜோஹட்டைத் தோண்டு என்று சொல்லிவிட்டார். படித்த பிள்ளைகள் மண்வெட்டி எடுத்தார்கள். ஊர்க்காரர்களும் கூடச் சேர்ந்தார்கள். அடுத்த மழையில் ஜோஹட் நிரம்பியது. கொஞ்ச நாளில் கீழே இருந்த கிணறுகளில் தண்ணீர் தலைகாட்டியது. இதைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்கள், எங்களுக்கும் ஒன்று என்று கேட்டு வந்தார்கள்.

அரசாங்கம் உடனே கைகொட்டி வரவேற்றதா என்றால், இல்லை. மழைநீரும் ஓடையும் சர்க்காருக்குச் சொந்தம், நீங்கள் அணை கட்டியது சட்டப்படி குற்றம் என்று பாசனத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஊரே அழிந்துகொண்டிருந்தபோது வராத காகிதம், குளம் நிரம்பினதும் வந்தது! அதற்காக அவர்கள் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

அர்வரி ஆற்றுக்கு வருவோம். அது பிறக்கும் இடத்தில் பாவுண்டா, கோல்யாலா என்று இரட்டைக் கிராமங்கள் இருக்கின்றன. 1980-களின் பிற்பாதியில் அங்கே வேலை தொடங்கியது. ஆற்றை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று யாரும் சபதம் போடவில்லை. அவரவர் கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டும், அவ்வளவுதான். மேல் ஊரில் இரண்டு, பக்கத்துச் சரிவில் மூன்று, அதன் கீழ் ஓடையில் ஒரு கல்கட்டு என்று ஊர் ஊராகப் பரவி, நீர்வடிப்பகுதி முழுவதும் ஏறக்குறைய 375 சிறு கட்டுகள் எழும்பின. எங்கே கட்டுவது என்பதை மேய்ச்சல்காரர்களும் வயதானவர்களும் சொன்னார்கள். மழை பெய்யும்போது தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? சங்கம் ஒரு பங்கு போட்டது. ஊரார் உழைப்பாகவும் கல்லாகவும் மண்ணாகவும் தங்கள் பங்கைப் போட்டார்கள். ஊர் பங்கு போடாத இடத்தில் வேலை எடுப்பதில்லை என்று வைத்திருந்தார்கள். எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது. சும்மா கிடைத்த கரையை யாரும் இரவில் மழையோடு மழையாகப் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

சரி, மேட்டிலே குட்டை வெட்டினால் பள்ளத்திலே ஆறு ஓடுவது எப்படி? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒரு பழைய மண்பானை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். பானை நிறைய மணலைக் கொட்டுங்கள். மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஓட்டையில் தண்ணீர் வருமா? வராது. இன்னொரு செம்பு ஊற்றினாலும் வராது. தண்ணீர் மணலுக்குள்ளேயே அடியில் போய்த் தங்கும். உள்ளே தண்ணீர் மட்டம் ஓட்டை வரைக்கும் ஏறின பிறகுதான் முதல் சொட்டு வரும். அப்புறம் ஊற்றுவதை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பானைதான் நிலம். ஓட்டைதான் ஆறு. மழை இல்லாத நாளில் ஆற்றில் தண்ணீர் ஓடினால் அது வானத்திலிருந்து வருவது அல்ல. சுற்று வட்டாரத்து நிலத்தடி நீர் மட்டம், ஆற்றின் தரையை விட உயரத்தில் இருக்கிறது, அது பக்கவாட்டில் கசிந்து வருகிறது என்றுதான் அர்த்தம். அதனால்தான் முதல் சில வருஷங்களில் அர்வரியில் ஒன்றும் தெரியவில்லை. கிணறுகள்தான் முதலில் ஊறின. பானை அடியிலிருந்து நிரம்பிக்கொண்டிருந்தது. மட்டம் ஏற ஏற, மழைக்குப் பிறகு ஆறு ஓடும் நாட்களும் கூடின. 1990-களின் நடுவில் அர்வரி கோடையிலும் தண்ணீர் உள்ள ஆறாக மாறியது. அதே வட்டாரத்தில் ரூபாரேல், சர்சா, பகானி, ஜகாஜ்வாலி ஆறுகளிலும் இதே மாதிரி வேலை நடந்தது.

பானைக்கு அடியில் இன்னொரு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? அதையும் அவர்கள் கண்டார்கள். சரிஸ்கா புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியில் பளிங்குக்கல் சுரங்கங்கள் நடந்துகொண்டிருந்தன. ஆழமாக வெட்டிய குழிகளுக்கு நிலத்தடி நீர் வடிந்துவிடுகிறது, எவ்வளவு ஜோஹட் கட்டினாலும் கிணறு ஏறவில்லை என்று ஊரார் கண்டுகொண்டார்கள். 1991-ல் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, காப்பகத்துக்குள் சுரங்கத்துக்குத் தடை வாங்கியது. நம் பக்கத்தில் கல் குவாரிக்கு அருகே கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காட்டையும் அவர்கள் விடவில்லை. சரிவில் புல்லும் செடியும் இல்லாவிட்டால் கட்டின குட்டை நாலு மழையில் தூர்ந்து போகும். அதனால் பச்சை மரம் வெட்டுவதில்லை, இந்தச் சரிவில் இத்தனை மாதம் மேய்ப்பதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். மீறினால் அபராதம். 1995-ல் பாவுண்டா, கோல்யாலா ஊரார் தங்கள் மலைச்சரிவை பைருதேவர் பெயரால் மக்கள் சரணாலயம் என்று தாங்களாகவே அறிவித்தார்கள். சாமி பெயரைச் சொன்னால் கோடரி தூக்குகிறவனுக்கும் கை கூசும் அல்லவா? 2000-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் அந்த வட்டாரத்துக்கே போய் அந்த ஊர் மக்களுக்கு விருது கொடுத்துவிட்டு வந்தார். ராஜேந்திர சிங்குக்கு 2001-ல் மகசேசே விருதும் 2015-ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருதும் கிடைத்தன.

விருதோடு கதை முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஊருக்குத் தண்ணீர் இல்லாதபோது எல்லோரும் ஒன்று. தண்ணீர் வந்துவிட்டால்தான் அண்ணன் தம்பிக்குள்ளேயே வம்பு வருகிறது.

அர்வரியில் முதல் வம்பு மீனால் வந்தது. ஆறு ஓடினதும் மடுக்களில் மீன் பெருகியது. 1996-ல் மாநில அரசு மீன் பிடிக்கும் உரிமையை ஒரு காண்ட்ராக்டருக்குக் குத்தகை விட்டது. ஹமீர்ப்பூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களில் பலர் மீனே சாப்பிடாதவர்கள்! மீனுக்காக அவர்கள் சண்டை போடவில்லை. இன்றைக்கு மீனைக் கேட்டவன் நாளைக்குத் தண்ணீரையும் கேட்பான் என்பதுதான் அவர்கள் பயம். குத்தகை ரத்தாயிற்று. ஆனால் அப்போது ஒரு கேள்வி எழுந்தது. காண்ட்ராக்டருக்கு இல்லை என்றால், இந்தத் தண்ணீர் யாருடையது? மேல் ஊருக்கா, கீழ் ஊருக்கா? என்ஜின் வைத்திருப்பவனுக்கா, இல்லாதவனுக்கா?

இதற்குப் பதில் சொல்ல 70 கிராமங்கள் சேர்ந்து 1999-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று 'அர்வரி சன்சத்', அதாவது அர்வரி பாராளுமன்றம் என்று ஒரு சபையைக் கூட்டினார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை கூடுவது என்று ஏற்பாடு. கரும்பு, நெல் போன்று தண்ணீரைக் குடிக்கும் பயிர் வைக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது. தண்ணீர் உறிஞ்சும் தொழிற்சாலைக்கு இடம் கொடுக்கக் கூடாது. மரம் வெட்டக் கூடாது, வேட்டை கூடாது. இப்படிப் போனது விதிகள். இந்தச் சபைக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது. ஊர் என்ன சொல்லும் என்கிற பயமும் மரியாதையும்தான் அதன் பலம்.

நெல்லும் கரும்பும் கூடாதா என்று நம்ம தஞ்சாவூர்க்காரர்கள் முகம் சுளிக்கலாம். காவிரிப் பாசனத்துக்குச் சொன்ன விதி இல்லை இது. கிணற்றை நம்பி இருக்கிற மேட்டு நிலத்துக்காரர்களுக்குச் சொன்னது. பழைய பானைக்கே திரும்பிப் பாருங்கள். மேலே ஊற்றுகிற அதே நேரத்தில் உள்ளே பத்துக் குழாயை விட்டு உறிஞ்சினால் ஓட்டை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. கரும்புக்கு ஒரு பருவத்துக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். 600 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் ஒருவர் ஒரு ஏக்கர் கரும்பு வைத்தால், அவர் தன் மழையோடு இன்னும் இரண்டு பேருடைய மழையையும் சேர்த்துக் குடிக்கிறார். அந்த இரண்டு பேரைக் கேட்டாரா? அர்வரிக்காரர்கள் கம்பு, மக்காச்சோளம், கோதுமை, கடுகு, கடலை என்று நின்றுகொண்டார்கள்.

இதை முழு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. மேலே நிறுத்துகிற தண்ணீரில் ஒரு பகுதி கீழே போகாது. இது எந்த ஊருக்கும் பொருந்துகிற கணக்கு. ரூபாரேல் ஆற்றுப் பக்கம் லாவா கா பாஸ் என்ற ஊரில் 2001-ல் ஒரு அணை கட்டினபோது, கீழே பரத்பூர் பக்கத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் இது என்று அரசு ஆட்சேபித்தது. பெரிய தகராறு ஆயிற்று. அந்த அணை 2003 மழையில் உடைந்தும் போயிற்று. சின்னச் சின்னதாகப் பரப்பிக் கட்டுவதற்கும், ஒரே இடத்தில் பெரிதாக மறிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. குட்டை வழிந்து அடுத்த குட்டைக்குப் போகிற மாதிரி இருந்தால் கீழூர்க்காரனுக்கும் பங்கு கிடைக்கும். மறித்துவிட்டால் அவன் கேள்வி கேட்கத்தான் செய்வான்.

நம் பக்கத்துக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்? தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், திருச்சியின் மேட்டுப் பகுதி, திண்டுக்கல் போன்ற இடங்களில் பூமிக்கடியில் கடினப் பாறைதான். பாறைக்கு மேலே சிதைந்த பருக்கைக் கல், சரளை. அதில்தான் தண்ணீர் தங்க வேண்டும். ஆரவல்லியிலும் பாறைப் பூமிதான், ஆகவே இந்த வேலை இங்கே எடுபடும். ஆனால் கரிசல் மண்ணில் குட்டை வெட்டினால் தண்ணீர் நிற்கும், இறங்காது. அது மாடு குடிக்கலாம், கிணற்றை ஏற்றாது. கசிவுநீர்க் குட்டைக்கு இடம் பார்க்கும்போது, சரளை தெரிகிற இடமாக, கீழே கிணறுகள் இருக்கிற இடமாகப் பாருங்கள்.

வேலையை மேலிருந்து தொடங்க வேண்டும். ஓடையின் வாயில் ஒரு பெரிய தடுப்பணையைக் கட்டிவிட்டு மேலே சரிவை மொட்டையாக விட்டால், இரண்டே வருஷத்தில் தடுப்பணையில் மணல்தான் இருக்கும். முதலில் வயல்களில் சம உயர வரப்பு. அப்புறம் ஓடை ஆரம்பிக்கிற இடத்தில் கல்லடுக்குத் தடுப்பு. அதற்குக் கீழே குட்டை. தடுப்பணை கடைசியில்.

கரை போடும்போது செய்கிற தவறுகள் வழக்கமானவை. புல்லையும் வேரையும் செதுக்காமல் அதன் மேலேயே மண்ணைக் கொட்டுவது ஒன்று. அந்த வேர் மக்கினதும் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். கரையின் அடியில் ஒரு பள்ளம் வெட்டி, களிமண் போட்டு இடித்து, அதன் மேல்தான் கரை எழும்ப வேண்டும். மண்ணை அரை அடி, முக்கால் அடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, கெட்டித்து, அடுத்த அடுக்குப் போடுங்கள். மண்ணைக் குட்டைக்கு உள்ளேயிருந்து எடுங்கள். கரையின் வெளி அடியில் தோண்டினால் கரைக்கே ஆபத்து.

எல்லாவற்றையும் விட முக்கியம் கலிங்கு. நிறைய ஊர்களில் கரையை உயர்த்திக் கட்டிவிட்டு கலிங்கை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் நிறையட்டுமே என்கிற ஆசைதான் காரணம். சிலர் கலிங்கு வாயில் மணல் மூட்டையை அடுக்கி வேறு வைக்கிறார்கள். ஒரு இரவு ஐந்தாறு அங்குலம் மழை கொட்டினால் தண்ணீர் கரையின் தலை மேல் ஏறும், ஏறின அரை மணியில் கரை போய்விடும். கலிங்கின் மட்டம் கரையின் உச்சிக்கு இரண்டு மூன்று அடியாவது தாழ்ந்து இருக்க வேண்டும். கல் பாவி இருக்க வேண்டும். அகலம் எவ்வளவு என்பதைக் கண்திட்டத்தில் வைக்காதீர்கள். மேலே எத்தனை ஏக்கர் வடிகிறதோ அதற்குத் தகுந்தபடி வேளாண்மைப் பொறியியல் துறைக்காரர்கள் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். புறம்போக்கு ஓடையில் எந்த வேலை செய்வதானாலும், ஏரி வண்டலை எடுப்பதானாலும் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொரு சின்ன யோசனை. உங்கள் ஊரில் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, ஓடைக்கு அருகில் ஒன்று என்று மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு முறை, மோட்டார் ஓட்டுவதற்கு முன்னால் காலையில், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கூடத்துச் சுவரிலோ டீக்கடைப் பலகையிலோ எழுதி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள். இரண்டு வருஷம் எழுதினால், உங்கள் குட்டை பானையை நிரப்புகிறதா, இல்லை உங்கள் மோட்டார்கள் அதை விட வேகமாகக் காலி பண்ணுகிறதா என்று ஊரே படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் முதல் அளவை எடுத்துவிடுங்கள்.